இன்னா, ஆனா, அட்டா? ஏரியில ஆரம்பிச்ச ப்ரெப்பொசிஷன் பஞ்சாயத்து

போன மே மாசம் நடந்தது இது. குன்னூர்ல மூணு ரூம் வச்சு ஒரு சின்ன ஹோம்ஸ்டே நடத்தறோம், சமையல் வீட்டம்மா பாத்துக்கறாங்க, புக்கிங், மெசேஜ், கெஸ்ட்டுக்கு வழி சொல்றது எல்லாம் நான். பெங்களூர்ல இருந்து வந்த ஒரு குடும்பத்தை ஊட்டி ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன், அவங்க போட்ல ஏறிட்டாங்க, நான் கரையில வர்க்கியும் டீயுமா நிக்கறேன், அந்த நேரம் பாத்து அவங்க பொண்ணு லண்டன்ல இருந்து மெசேஜ் போடுது, அம்மா போன் எடுக்க மாட்டேங்கறாங்க, எல்லாரும் எங்க இருக்காங்கன்னு. நானும் பெரிய இவனாட்டம் உடனே அடிச்சேன்: "தே ஆர் இன் த லேக்".

டீ கிளாஸைக் கீழ வைக்கல, போன் அடிக்குது. எடுத்தா ஒரே கத்து. போட்ல போறாங்கம்மா, லைஃப் ஜாக்கெட் எல்லாம் போட்டிருக்காங்கன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கே வேர்த்துருச்சு, ஊட்டிக் குளிர்ல.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்கா பொண்ணுகிட்ட இதைச் சொன்னேன், அது காலேஜ்ல இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்குது. விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "மாமா, உங்க மெசேஜ்படி அவங்க தண்ணிக்குள்ள கிடக்கறாங்க. போட்ல போனா ஆன் த லேக். கரையில டிக்கெட் வாங்க நின்னா அட் த லேக். போட்ல இருந்து எட்டிப் பாத்து தவறி விழுந்தா அது இன்டு த லேக்"னு சொல்லுச்சு. நாம தமிழ்ல இந்த நாலுல மூணுக்கு என்ன சொல்றோம்? ஏரியில இருக்கோம், அவ்வளவுதான். நம்ம 'ல' ஒண்ணே போதும், மீதியைக் கேக்கறவங்க புரிஞ்சுக்குவாங்க. இங்கிலீஷ்காரன் புரிஞ்சுக்க மாட்டேங்கறான், அதுதான் பிரச்சனை.

அன்னிக்கு ஆரம்பிச்சதுதான், இந்த ஒரு வருஷமா எந்த மெசேஜ் அடிச்சாலும் இந்த ப்ரெப்பொசிஷன்ங்கற குட்டி வார்த்தை இன்னா ஆனா அட்டான்னு ஒரு நிமிஷம் நின்னுதான் அனுப்பறேன். சரியானதைப் பிடிக்க எனக்குத் தெரிஞ்சு நாலு வழி இருக்கு. தமிழ்ல யோசிச்சு அப்படியே மாத்தறது, ஸ்கூல்ல படிச்ச ரூல், மனசுல ஒரு படம் போட்டுப் பாக்கறது, டிக்ஷனரியோ போனோ பாத்து எழுதறது. நாலையும் பண்ணிப் பாத்துட்டேன், எது எங்க வேலை செய்யுது, எது எங்க காலை வாருதுன்னு சொல்றேன்.

முதல்ல ஸ்கூல் ரூல். பெரிய ஊருக்கு இன், சின்ன ஊருக்கு அட், இதுதானே நமக்குச் சொல்லிக் குடுத்தது. அப்ப குன்னூர் பெரிய ஊரா சின்ன ஊரா? கோத்தகிரிக்காரங்களுக்கு நாங்க டவுன், கோயமுத்தூர்க்காரங்களுக்கு நாங்க கிராமம். இந்த ரூலை வச்சு ஒரு அட்ரஸ் கூட எழுத முடியாது. விஷயம் ஊரோட சைஸ்ல இல்ல, நீங்க அந்த ஊரை எப்படிப் பாக்கறீங்கங்கறதுல இருக்கு. அங்க வீடு வாசல்னு வாழ்றோம்னா அது நம்மளைச் சுத்தி இருக்கற இடம், "வீ லிவ் இன் குன்னூர்", ஊர் எவ்வளவு சின்னதா இருந்தாலும் இன்தான். அதே குன்னூர் ரயில் நிக்கற ஒரு புள்ளின்னு வச்சா "த ட்ரெய்ன் ஸ்டாப்ஸ் அட் குன்னூர்". மேட்டுப்பாளையத்துல காலைல 7.10க்கு கிளம்புற மலை ரயில் குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல்னு நின்னு நின்னு ஊட்டி போகுதுல்ல, அது நிக்கற ஒவ்வொரு இடத்துக்கும் அட். பயணத்துல வர்ற ஸ்டாப்புன்னா பெரிய சிட்டியா இருந்தாலும் அட்தான்.

அதனால எனக்கு ஒத்து வந்தது படம் போடற வழி. நாலு பக்கமும் சுத்தி இருந்தா இன், மேல ஒட்டிட்டோ ஒரு கோட்டு மேலயோ இருந்தா ஆன், மேப்ல குண்டூசி குத்துற மாதிரி ஒரு புள்ளின்னா அட். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறுறப்ப 14 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போர்டு. கெஸ்ட் வண்டி நின்னு போனா டிரைவர் அண்ணனுக்கு எங்கன்னு சொல்லணும்ல, "அட் த ஹேர்பின்", ஏன்னா அது ஒரு புள்ளி. "ஆன் த காட் ரோடு", ஏன்னா ரோடு ஒரு கோடு. "இன் பர்லியார்", ஏன்னா அது ஒரு ஊர், அங்க கடையில மங்குஸ்தான் வாங்கித் தின்னுட்டு உக்காந்திருக்காங்க. ஒரே வண்டி, ஒரே இடத்துலதான் நிக்குது, எப்படிப் பாக்கறோங்கறதுக்கு ஏத்த மாதிரி மூணு வார்த்தை. இது புரிஞ்சப்புறம் பாதி பயம் போயிருச்சு.

மலையில இருக்கறதுக்கும் இதே கதைதான். மலைத்தொடர் பூரா நம்மளைச் சுத்தி இருந்தா "இன் த ஹில்ஸ்", ஒத்தைக் குன்று மேல வீடு இருந்தா "ஆன் அ ஹில்". எங்க வீட்டுக்கு ரெண்டுமே சரி. ஆனா படத்துக்கு மசியாத சிலதும் இருக்கு. தேயிலைத் தோட்டம் நம்மளைச் சுத்தித்தானே இருக்கு, அப்ப இன் வரணும்ல? எஸ்டேட்ல வேலை பாக்கறவங்களை "வொர்க்ஸ் ஆன் அ டீ எஸ்டேட்"னுதான் சொல்றாங்க, பண்ணைக்கும் ஆன் அ ஃபார்ம். ஆனா அதே எஸ்டேட்டோட ஃபேக்டரின்னா இன் த ஃபேக்டரி, இல்லைன்னா அட். நிலத்து மேல வேலை பாக்கறதால ஆன்னு நானா ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன், சரியோ தப்போ எனக்கு மறக்காம இருக்கு.

வண்டிகளுக்கு வருவோம், கெஸ்ட் மெசேஜ்ல இதுதான் தினமும். கார், டாக்ஸி, ஆட்டோ, ஜீப்பு இதுக்கெல்லாம் இன். பஸ்ஸு, ரயிலு, ஃப்ளைட், கப்பல் இதுக்கு ஆன். உள்ள எந்திரிச்சு நடக்க முடிஞ்சா ஆன், குனிஞ்சு நுழைஞ்சு உக்காரத்தான் முடியும்னா இன், இப்படி ஞாபகம் வச்சுக்கலாம். பைக்கு, ஏரிக்கரையில ஓட்டறாங்களே குதிரை, அதுக்கும் ஆன், மேல உக்காருறோம்ல. எந்த வண்டின்னு பொதுவா சொன்னா போதும்னா பை போடுங்க, "பை பஸ்", "பை ட்ரெய்ன்". ஆனா பை போட்டா பக்கத்துல "மை", "த" எதுவும் வரக்கூடாது. "கம் பை மை கார்"னு நானே பல பேருக்கு அனுப்பியிருக்கேன், அது "இன் மை கார்"னு இருக்கணும். நடந்து வந்தா "ஆன் ஃபுட்". மலை ரயில்ல உள்ள எந்திரிச்சு நடக்க ஏதுங்க இடம், இருந்தாலும் ரயில் ரயில்தான், ஆன் த டாய் ட்ரெய்ன்.

நேரத்துக்கு ஸ்கூல் ரூல் நல்லாவே வேலை செய்யுது, இதை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாசத்துக்கும் வருஷத்துக்கும் இன். அட் 7.10, ஆன் சண்டே, இன் மே. காலைல சாயங்காலம் இன், ராத்திரி மட்டும் அட் நைட். கிழமையோட சேந்து வந்தா காலையும் ஆன் ஆயிரும், ஆன் சண்டே மார்னிங். நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி முன்னாடி வந்தா எதுவுமே வேண்டாம், நெக்ஸ்ட் சண்டே, அவ்வளவுதான். "ஆன் நெக்ஸ்ட் சண்டே"ன்னு போட்டு புக்கிங் கன்ஃபர்ம் பண்ணிட்டு இருந்தேன், இப்ப இல்ல.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். எல்லாரும் சொல்லுவாங்க, தமிழ்ல யோசிக்காத, இங்கிலீஷ்ல யோசின்னு. நான் ஒத்துக்க மாட்டேன். இடத்துக்குத் தமிழ்ல யோசிச்சா மாட்டிக்குவோம், உண்மைதான், அங்க நம்ம 'ல' எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிருது. ஆனா நேரத்துல சில இடங்கள்ல தமிழ்ல ஏற்கனவே பிரிச்சு வச்சிருக்கோம், அங்க தமிழ்ல யோசிச்சாத்தான் சரியா வரும், இங்கிலீஷ்ல யோசிக்கறேன்னு போய்த்தான் குழப்பிக்கறோம்.

உதாரணம் செக் அவுட். எங்க ரூம்ல ஒரு போர்டு இருந்துச்சு, "ப்ளீஸ் வெக்கேட் த ரூம் டில் 11". எழுதினவன் நான்தான். ஒரு கெஸ்ட் என்னைக் கூப்பிட்டு, இதுக்கு என்னங்க அர்த்தம், 11 மணி வரைக்கும் காலி பண்ணிட்டே இருக்கணுமான்னு கேட்டாரு. நக்கல்தான், ஆனா நியாயமான நக்கல். தமிழ்ல நான் எப்படிச் சொல்லியிருப்பேன்? "11 மணிக்குள்ள காலி பண்ணிருங்க". யாராவது "11 மணி வரைக்கும் காலி பண்ணுங்க"ன்னு சொல்லுவாங்களா? சொல்ல மாட்டோம். அப்ப 'க்குள்ள' வந்தா பை, 'வரைக்கும்' வந்தா டில் இல்லைன்னா அன்டில். "வெக்கேட் பை 11". "ப்ரேக்ஃபாஸ்ட் இஸ் சர்வ்ட் டில் 10". எந்தக் கிராமர் புக்கும் தேவையில்ல, அம்மா சொன்ன தமிழே போதும். ஒரு சின்ன கேட்ச் மட்டும் இருக்கு, நம்ம வரைக்கும் இடத்துக்கும் வரும், இங்கிலீஷ்ல டில் பொதுவா நேரத்துக்குத்தான். இந்த ரயில் லைனையே எடுத்துக்கங்க, 1899ல குன்னூர் வரைக்கும் வந்துச்சு, 1908ல ஊட்டி வரைக்கும் போச்சு. இதை "டில் குன்னூர்"னு எழுதறதை விட "ஆஸ் ஃபார் ஆஸ் குன்னூர்"னு போட்டா நல்லாயிருக்கும். கெஸ்ட்டுக்கு, "யூ கேன் டிரைவ் ரைட் அப் டு த கேட்".

இன்னொண்ணு ஃபாரும் சின்ஸும். "அஞ்சு வருஷமா நடத்தறோம்", "2019ல இருந்து நடத்தறோம்". பாருங்க, தமிழ்ல ரெண்டுக்கும் வேற வேற வால். 'மா'ன்னு முடிஞ்சா ஃபார், 'ல இருந்து'ன்னா சின்ஸ். "ஃபார் ஃபைவ் இயர்ஸ்", "சின்ஸ் 2019". "சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்"னு எழுதற ஆளுங்களும் தமிழ்ல பேசுறப்ப "அஞ்சு வருஷத்துல இருந்து நடத்தறேன்"னு சொல்ல மாட்டாங்க.

ஆனா 'ல இருந்து'லயே சின்ஸா ஃப்ரமான்னு ஒரு முடிச்சு இருக்கு, அதை எனக்குப் புரிய வச்சது இ-பாஸ். ஹைகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7ல இருந்து இ-பாஸ்னு வந்துச்சுல்ல. அதுக்கு முந்தின வாரம் நான் கெஸ்ட்டுக்கு அனுப்பின மெசேஜ், "யூ வில் நீட் அன் இ-பாஸ் ஃப்ரம் 7 மே". இன்னும் வரல, அன்னிக்கு ஆரம்பிக்கப் போகுது, அதனால ஃப்ரம். அதே மெசேஜை ஜூன் மாசமும் ஃப்ரம்னே அனுப்பிட்டு இருந்தேன், அப்பத்தான் அக்கா பொண்ணு திருத்துச்சு, "மாமா, அது ஆரம்பிச்சு இன்னும் ஓடிட்டு இருக்கு, ஹேஸ் பீன்னு போட்டு சின்ஸ் போடுங்க". ஆரம்பிக்கற நாளை மட்டும் காட்டினா ஃப்ரம், அன்னிக்குப் பிடிச்சது இன்னிக்கு வரைக்கும் விடலைன்னா ஹேவ் ஹேஸோட சின்ஸ். வினையையும் சேத்துப் பாக்கணும், தனியா ப்ரெப்பொசிஷனை மட்டும் பாத்தா பிடிபடாது.

"ரெண்டு மணி நேரத்துல வந்துருவோம்", இது "இன் டூ அவர்ஸ்". நம்ம ஆளுங்க "ஆஃப்டர் டூ அவர்ஸ்"னு போடுவாங்க, அது ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறம் எப்ப வேணா வருவோங்கற மாதிரி ஆயிரும், சோத்தை எப்ப வடிக்கறதுன்னு வீட்டம்மா என்னைப் பிடிச்சுக்குவாங்க. "விதின் டூ அவர்ஸ்"னா அதுக்கு முன்னாடியும் வந்துரலாம், ரெண்டைத் தாண்டாது.

அடுத்து கடை போர்டு. குன்னூர், ஊட்டில சாக்லேட் கடை, தைலக் கடை முன்னாடி நின்னு போர்டு படிச்சுட்டே போறது எனக்கு இப்ப ஒரு வியாதி ஆயிருச்சு. மேட் ஆஃப், மேட் ஃப்ரம், மேட் வித், மேட் பை, மேட் இன், அஞ்சையும் கலந்து கட்டி அடிச்சிருப்பாங்க. பண்ணின பொருளைப் பாத்தாலே மூலப்பொருள் தெரிஞ்சா ஆஃப். தோடர் எம்ப்ராய்டரி சால்வையைத் தொட்டா பருத்தின்னு தெரியுது, "மேட் ஆஃப் காட்டன்". மூலப்பொருள் உருமாறிப் போச்சுன்னா ஃப்ரம். நீலகிரித் தைலத்துல இலை எங்க இருக்கு? காய்ச்சி வடிச்சுட்டாங்க, "மேட் ஃப்ரம் யூகலிப்டஸ் லீவ்ஸ்". பல சாமான்ல இதுவும் ஒண்ணு, அதைப் பெருமையாச் சொல்லணும்னா வித், "சாக்லேட் மேட் வித் ரோஸ்டட் ஆல்மண்ட்ஸ்". ஒரு கடையில "சாக்லேட் மேட் பை மில்க்"னு பாத்தேன், பால் எந்திரிச்சு நின்னு சாக்லேட் கிண்டுற மாதிரி. பை போட்டா பண்ணின ஆள் வரணும். "மேட் பை ஹேண்ட்" மட்டும் பழகின வழக்கு, அதுல கைதான் ஆள். இங்கயும் தமிழ் பாதி கை குடுக்குது, "பாதாம் போட்டுப் பண்ணினது"ன்னா வித், "இலையில இருந்து எடுத்தது"ன்னா ஃப்ரம். ஆஃப் வரும்போதுதான் நம்மகிட்ட தனி வார்த்தை இல்ல, 'பருத்தில பண்ணினது', மறுபடி அந்த 'ல'.

ப்ரெப்பொசிஷனே வேண்டாத இடத்துல போடறது தனிக் கதை, இதுல நம்ம 'க்கு'வும் 'கிட்ட'வும் 'பத்தி'யும்தான் குற்றவாளி. ஊட்டிக்கு வந்து சேந்தோம், அதனால "ரீச்ட் டு ஊட்டி". அதைப் பத்திப் பேசினோம், அதனால "டிஸ்கஸ்ட் அபௌட்". ரூமுக்குள்ள நுழைஞ்சோம், அதனால "என்டர்ட் இன்டு". என்கிட்ட சொல்லு, அதனால "டெல் டு மீ". நாலும் தப்பு. ரீச், டிஸ்கஸ், என்டர், டெல் இந்த வினைகளுக்குள்ளயே அந்த வால் ஒளிஞ்சிருக்கு. அதே அர்த்தம் வர்ற அரைவ்வுக்கு மட்டும் வேணும், அரைவ் இன் ஊட்டி, அரைவ் அட் த ஸ்டேஷன், அரைவ் டு எப்பவும் கிடையாது. கல்யாண விஷயம் இன்னொண்ணு, அவளோட கல்யாணம்னு நினைச்சு "மேரிட் வித்" போடுவோம், அது மேரிட் டு. இதுக்கெல்லாம் படமும் இல்ல ரூலும் இல்ல, மனப்பாடம்தான்.

மனப்பாடம்னு வந்துட்டா டிக்ஷனரியா போனா? போன் வேகம், ஒத்துக்கறேன், "இன்ட்ரஸ்டட் ஆன்"னு அடிச்சா கோடு போட்டு "இன்"னு காட்டிரும். ஆனா அந்த ஏரி மெசேஜுக்கு அது ஒரு கோடும் போடல. ஏன் போடணும்? "தே ஆர் இன் த லேக்"ங்கறது இலக்கணப்படி சுத்தமான வாக்கியம், என்ன, அதுக்கு அர்த்தம் வேற. அவங்க நீந்திட்டு இருக்காங்களா போட்ல இருக்காங்களான்னு போனுக்கு எப்படித் தெரியும். இடம், நேரம்னு வந்தா போனை நம்பாதீங்க, உங்க கண்ணுக்கு முன்னாடி இருக்கறது உங்களுக்குத்தான் தெரியும். குட் அட், அஃப்ரெய்ட் ஆஃப், டிபெண்ட் ஆன் மாதிரி ஜோடி வார்த்தைக்குப் போனும் சரி டிக்ஷனரியும் சரி. டிக்ஷனரி பாக்கறதா இருந்தா இன், ஆன்னு தேடாதீங்க, ரெண்டு பக்கத்துக்கு அர்த்தம் போட்டிருப்பான், தலை சுத்திரும். அஃப்ரெய்ட்னு தேடுங்க, டிபெண்ட்னு தேடுங்க, பக்கத்துலயே எது வரும்னு உதாரணத்தோட இருக்கும், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ரெண்டுலயும் படிக்கறவங்களுக்குன்னே போட்ட டிக்ஷனரி ஆன்லைன்ல சும்மாவே கிடைக்குது. ஏஐகிட்ட கேக்கறதுன்னாலும் சரி, ஆனா வாக்கியத்தை மட்டும் குடுக்காம சூழ்நிலையையும் சொல்லிக் கேளுங்க, "போட்ல இருக்காங்க, எப்படி எழுதறது"ன்னு.

இப்ப எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு, அடிக்கடி அனுப்பற பத்துப் பன்னெண்டு மெசேஜைத் திருத்தி எழுதி வச்சிருக்கோம். "செக் இன் ஃப்ரம் 1, செக் அவுட் பை 11." "த ஹவுஸ் இஸ் ஆன் த லெஃப்ட், ஆஃப்டர் த சர்ச்." "டின்னர் அட் 8." ஒரே ஒரு லைன்லதான் எனக்கும் அக்கா பொண்ணுக்கும் இன்னும் தகராறு, வீக்கெண்டுக்கு ரேட் ஜாஸ்தின்னு சொல்ற லைன். லண்டன் பொண்ணு அட் த வீக்கெண்ட்னு எழுதுது, அமெரிக்காவுல இருந்து வர்றவங்க ஆன் த வீக்கெண்ட்னு எழுதறாங்க, ரெண்டும் அந்தந்த ஊர்ல சரியாம். அக்கா பொண்ணு அட்தான் வேணுங்குது, எனக்கு ஆன்தான் வாயில வருது. கடைசில அந்த லைன்ல "ரேட்ஸ் ஆர் ஹையர் ஆன் சாட்டர்டே அண்ட் சண்டே"ன்னு எழுதிட்டேன்.